கால் எட்டாத சைக்கிள்

“உட்கார்ந்தா கால் தரையைத் தொட வேண்டாமா, பாய்? இது சைக்கிளா, தென்னை மரமா?”

சைக்கிள் கடைக்காரர் தாவூத் சிரித்தார். “தென்னை மரம்தான், தங்கச்சி. ஆறடி ஆளுக்குச் செஞ்ச வண்டி. இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?”

“அவர்தான் நேத்து வாங்கிட்டு வந்தார். குறுக்குக் கம்பி இல்லாத சின்ன வண்டியா மாத்திக் குடுங்க. திங்கட்கிழமை புக்கிட் காதில் ஊர்ப் பள்ளிக்கூடத்துல டீச்சரா சேரணும்.”

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த ஆண்டு அது. குடியிருந்த காஜா பெராங்கிலிருந்து வேலைக்குப் போக, சைக்கிளை விட்டால் தனபாக்கியத்துக்கு வேறு வழியில்லை. காலையில் ஏறிப் பார்த்து விழுந்ததில் முழங்கை தோலுரிந்திருந்தது.

“அவரைக் குறை சொல்லலை, பாய். ஆம்பளைக்கு என்ன தெரியும்? ஓட்ட முடியலைன்னா வேலையை விட்டுடுன்னு கேலி வேற.”

தாவூதின் சிரிப்பு நின்றது. “சேதுராமன் சம்சாரமா நீங்க?”

“ஆமா.”

“அவர் ஒரு நூல் கொண்டுவந்தார், தங்கச்சி. யாரோட கால் அளவோ தெரியலை. ‘இந்தக் கால் எட்டவே கூடாது, அப்படி ஒரு வண்டி குடுங்க’ன்னு கேட்டார். வீட்ல எவனாவது பொடியன் எடுத்து ஓட்டிடக் கூடாதுன்னு கேக்கறார்னு நினைச்சேன்.”

முந்தாநாள் சேதுராமன் சைக்கிள் வாங்கவென்று தனபாக்கியத்தின் காலை நூல் பிடித்து அளந்தபோது, அவள் சந்தோஷத்தில் அசையாமல் நின்றிருந்தாள்.

அவள் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது.

“மாத்த வேண்டாம், பாய். சீட்டை இறக்கி, பெடல்ல கட்டை வெச்சு, இதையே நான் ஓட்டுற மாதிரி பண்ணிக் குடுங்க. பார்த்தா அவருக்குத் தெரியவே கூடாது.”