ஞாயிற்றுக்கிழமை கார்

"ஞாயித்துக்கிழமை என் வைஃப் ஹப்சிகுடாவுக்குப் புடவை எடுக்கப் போனப்ப, கடை வாசல்ல நின்ன சர்க்கார் காரை எவனோ போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பிட்டான்!" அதிகாரி சௌந்தரராஜன் பொரிந்து தள்ளினார். "நம்பர் பிளேட் பளிச்சுன்னு தெரியுது. உன் சீட் காலி. டீ குடிக்கப் போயிட்டியா?"

"ஹவ் சார்," என்று ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டார் டிரைவர் ஏனோக்.

"இனிமே சனிக்கிழமையே காரை ஆபீஸ்ல விட்டு, சாவியைக் கொடுத்துடணுமாம்!"

"அநியாயம் சார்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அல்வால் சர்ச்சில் ஏனோக்கின் மகள் ஜெனிட்டா பாடகர் குழுவோடு பாட எழுந்தாள். ஏழு மாதங்களுக்குப் பிறகு ஏனோக் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மனைவி ஐவி அவர் காதருகே குனிந்தாள்.

"சீக்கிரம் போட்டோ எடுங்க. கார் நம்பரையே அவ்வளவு பளிச்சுன்னு எடுத்தவராச்சே!"