நாற்பதாவது நொடித் தீர்ப்பு

எங்கண்ணன் சேவியரின் ஜாக்கி உரிமத்தை ஆறு மாதம் முடக்கிய தீர்ப்பு, குதிரைப் பந்தயம் முடிந்த நாற்பதாவது நொடியில் மைதானத்தின் பெரிய திரையில் வந்துவிட்டது. அவ்வளவு வெளிப்படை. அவன் காலையில் தின்ற இட்லி எத்தனை, கடைசி வளைவில் தன் குதிரை ஜாஸ்மினின் கடிவாளத்தை எவ்வளவு இழுத்தான், எல்லாம் ஊருக்கே தெரிந்தது. குற்றம்: ஜெயிக்க முழு முயற்சி செய்யவில்லை.

"ஜாஸ்மினுக்கு முன்னங்கால் நொண்டுச்சு பாப்பா. அதான் இழுத்துப் புடிச்சேன்," என்றான்.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். அந்த நாற்பது நொடியில் தயாரான அறுநூறு பக்கத் தீர்ப்பையும் படித்தேன். குதிரையின் காலைப் பற்றி ஒரு வரி இல்லை. காலைப் பரிசோதிக்கச் சொல்லி மேல்முறையீடு எழுதிக்கொண்டு பந்தய அலுவலகத்துக்குப் போனேன்.

"தீர்ப்பு சொன்னது யாரு சார்?" என்று குமாஸ்தாவிடம் கேட்டேன்.

"எல்லாமே தொறந்துதான் வச்சிருக்கோம்மா. நடுவர் பேரு மட்டும் அவங்க சொந்த விஷயம்."

"எங்கண்ணன் தின்ன இட்லி யாரு விஷயம்?"

"படிச்ச பொண்ணு இப்படிப் பேசலாமா?" என்றபடி மனுவை வாங்கிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை ஜாஸ்மின்மேல் வேறொரு ஜாக்கி ஏறி விரட்டினான். அதே வளைவில் அது கால் முறிந்து விழுந்தது. அது துடித்துக்கொண்டிருக்கும்போதே தீர்ப்பு வந்தது: ஜாக்கியின் முயற்சி நூற்றுக்கு நூறு. அப்புறம்தான் ஊசி போட்டுக் கொன்றார்கள்.

சாயங்காலம் என் மனுவுக்கும் திரையிலேயே பதில் போட்டார்கள். பரிசோதிக்கக் குதிரை இல்லாததால் தள்ளுபடி. குதிரையோடு வந்தால் மறுபடி விசாரிப்பார்களாம்.