இடப்பக்கத்து நாற்காலி

சிஸ்டர் தட்டை அரைவட்டமாகத் திருப்பி வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார். யாரோ புதிதாகப் பரிமாறியதுபோல மீதிச் சோற்றை அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தார்.



ஆறு நாளாக அந்தத் தட்டோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூன்று வேளையும் கோடு கிழித்த மாதிரி ஒரு பாதியைத் தின்றுவிட்டு மறுபாதியைத் தொடாமல் வைத்துவிடுவார். நான் சமைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்த சோறு. வீம்பு! முப்பது வருஷமாகப் பார்க்கிறேனே, எனக்குத் தெரியாதா?

வீம்புக்குக் காரணமும் இருந்தது.

பக்கவாதம் வந்த அன்று காலையில்தான் எங்களுக்குள் சண்டை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை, சும்மா பார்க்கிறேன் என்று கழற்றி அடுக்களை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவருக்கு எதைக் கண்டாலும் கை அரிக்கும். "இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காதீங்க!" என்று கத்திவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது திருகாணிகளுக்கு நடுவே விழுந்து கிடந்தார்.

சொன்னபடியே முழிக்கவில்லை மனுஷன்.

கண் திறந்த நாளிலிருந்து நான் கட்டிலின் இடப்பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணமான புதிதிலிருந்தே என் இடம் அது. மெஷின் இரைச்சலில் அவருடைய வலது காது எப்போதோ போய்விட்டது. பஸ்ஸோ, சினிமாவோ, படுக்கையோ, இடப்பக்கம் இருந்தால்தான் நான் பேசுவது அவருக்குக் கேட்கும்.

விழுந்துபோன அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு காதோரம் குனிவேன். தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்பேன். உடனே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சன்னலைப் பார்ப்பார். ஒரு தரமா, இரண்டு தரமா? நான் வாயைத் திறந்தாலே சன்னல்தான்.

அழுது ஓய்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். என்னைக் கண்டாலே ஆகவில்லை என்றால், எதற்கு அவருடைய இரத்தக் கொதிப்பை ஏற்றிவிட வேண்டும்? நாளையிலிருந்து என் நாத்தனாரை வரச் சொல்லிவிட்டு நான் வீட்டோடு கிடக்கிறேன்.

இன்று மதியம்தான் இந்த சிஸ்டர் வார்டுக்குப் புதிதாக வந்தாள். மற்றவர்களெல்லாம் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவள் நின்று, அவர் சாப்பிடுவதைப் பார்த்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவரைக் கண்ணை மூடச் சொன்னாள். பஞ்சால் வலது கையைத் தொட்டாள். "வலது" என்றார். இடது கையைத் தொட்டாள். பேச்சில்லை. இரண்டையும் சேர்த்துத் தொட்டாள். "வலது" என்றார், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி.

கண்ணைத் திறக்கச் சொல்லி, ஒரு பேனாவை இடது ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தாள். மூக்குக்கு நேரே வரும்வரை அவர் அதைப் பார்க்கவேயில்லை.

"ஐயாவுக்குக் கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அவர் மூளைக்கு இப்பத் தெரியல. அதான் பாதித் தட்டு. கொஞ்சம் கொஞ்சமா பழக்கலாம். இப்போதைக்கு நீங்க இந்தப் பக்கம் வாங்க."

"ஐயோ, அந்தக் காது கேக்காதே!"

அவள் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றிப் போய்ச் சன்னலோரம் போட்டாள்.

இத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், நேரே போய் எதிரில் நின்றால் கண்ணை மூடிக்கொள்வாரோ? அதையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று உட்கார்ந்தேன்.

அவர் கண்ணை மூடவில்லை. பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வலது கை எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது, வலிக்கிற அளவுக்கு.

"எங்கடி போன?" என்றார். நாக்கு இன்னும் குழறியது. "உன் குரல் மட்டும் கேக்குது, ஆளக் காணோம். ஆறு நாளா இந்தப் பக்கமே தேடித் தேடிக் கழுத்து வலிக்குது."

சிஸ்டரைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று திரும்பினேன். அதற்குள் அவள் அடுத்த கட்டிலுக்குப் போய், அங்கே ஒருவர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெற்ற வயிறு குளிரட்டும், அவள் நன்றாக இருக்கட்டும்.

நான் இன்னொரு தரம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவருடைய கழுத்தை மெல்லப் பிடித்துவிட்டேன்.