ராஜா வந்த இடத்தில் தாயே

புதுச்சத்திரம் டீக்கடை வாசலில் வண்டி நின்றதும் சிலம்பரசன் இறங்கத் தயங்கினான். கடை ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது அவன் மெட்டுப் போட்ட கிறிஸ்தவப் பாட்டு.

அவன் போட்டது என்று அங்கே யாருக்கும் தெரியாது. யூடியூபில் ஏழு லட்சம் பேர் கேட்டிருந்தார்கள், அவர்களுக்கும் தெரியாது. ஜெபப் பாட்டுக்குக் கீழே சிலம்பரசன் என்ற பெயர் பொருந்தாது என்று சபைக் குழுவின் பெயரை மட்டும் போட்டுவிட்டார்கள்.

வண்டியை ஓட்டி வந்த கலியமூர்த்தி, முதுநகரில் அவன் குடியிருக்கும் மாடிக்குச் சொந்தக்காரர். மாரியம்மன் கோயில் விழாக் கமிட்டித் தலைவரும் அவர்தான். ஆடித் திருவிழாவுக்கு ஒரு அம்மன் பாட்டு வெளியிடுகிறார். ஃபிளெக்ஸில் அவருடைய மூன்று படங்களுக்கும் கீழே, இடம் மிச்சமிருந்தால், 'இசை: சிலம்பரசன்' என்று வரும்.

பதினோரு வருடமாகக் கீபோர்டு வாசித்தும் மாமனார் வீட்டில் அவன் இன்னும் 'பொட்டி வாசிக்கிற மாப்ள'தான். அந்த ஒரு வரி வந்துவிட்டால் போதும், தலை நிமிர்ந்து போய் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வருவான்.

சிதம்பரம் ஸ்டூடியோவுக்குப் பாடகி வந்து பாட வேண்டியதுதான் பாக்கி; அங்கேதான் இப்போது போய்க்கொண்டிருந்தார்கள். காலையில் சிலம்பரசன் தன் குரலிலேயே பாடிக் காட்டியதைக் கேட்டுக் கலியமூர்த்தி கண் கலங்கியிருந்தார்.

சிக்கல் என்னவென்றால், அதுவும் இதே மெட்டுதான்.

கிடாரை எடுத்துவிட்டு உடுக்கையைச் சேர்த்திருந்தான். 'ராஜா' என்று வந்த இடத்திலெல்லாம் 'தாயே' என்று மாற்றியிருந்தான். அளவு அச்சாகப் பொருந்தியது.

திருட்டு என்று அவன் நினைக்கவில்லை. சொந்த மெட்டு. ஒரு விடியற்காலை அரைத்தூக்கத்தில் தானாக வந்தது. கடவுள் கொடுத்தது என்றார் பாஸ்டர். எந்தக் கடவுள் என்று இவன் கேட்டுக்கொள்ளவில்லை.

"எழவு வூட்டுல கிடாரு வாசிச்சாப்புல இருக்கு," என்றார் கலியமூர்த்தி, டீயை உறிஞ்சிக்கொண்டே. "எல்லாம் வெளிநாட்டு மெட்டு. நம்ம மண்ணு இதுல ஒரு பொட்டு கெடையாது."

காலையில் உடுக்கையோடு வந்தபோது இதே மெட்டில் மண்வாசனை தூக்கியடித்தது அவருக்கு. அவர் கையில் கட்டியிருந்த வாட்ச் துபாய், போட்டிருந்த சென்ட் துபாய். மண் மட்டும் உள்ளூர்.

வாட்சையும் சென்ட்டையும் கொண்டுவந்து கொடுத்த சிநேகிதர், டைல்ஸ் கடை லியாக்கத் அலி, அதே வண்டியில் கூட வந்து பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"மெட்ட வுடு மச்சான், மரியாதைய பாரு. அவுங்க சாமிய 'நீர்'ங்கிறாங்க. நீங்க உங்க ஆத்தாள வாடி போடிங்கிறீங்க."

"பெத்தவள எவனாச்சும் 'நீர்'னு கூப்புடுவானா?"

நெற்றி நிறைய விபூதி பூசியிருந்த டீ மாஸ்டரிடம் லியாக்கத் அலி நியாயம் கேட்டார். "எனுக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே. இந்தப் பாட்டு ஓடுனா ஆளுக்கு ஒரு டீ ஜாஸ்தி போவுது," என்றார் அவர். இவ்வளவு நேர்மையான விமர்சனம் சிலம்பரசனுக்கு இதுவரை கிடைத்ததில்லை.

வண்டியை விட்டு இறங்காமல் பின் சீட்டிலேயே இருந்த கலியமூர்த்தியின் மனைவி ஸ்ரீமதி, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "எனக்கு அழுவ வருதுங்க. ஆனா இத எங்கியோ தெனம் கேட்டாப்புல இருக்கு."

சிலம்பரசனின் டீ பாதி சட்டையில் கொட்டியது.

"தெனமா? நீ எங்க போயி தெனம் கேக்குற?" என்று கலியமூர்த்தி மனைவியை முறைத்தார். பிறகு சிலம்பரசன் பக்கம் திரும்பினார். "தொழில் தெரிஞ்சவன் நீ சொல்லு. இதெல்லாம் ஒரு பாட்டா?"

சிலம்பரசன் ஸ்பீக்கரைப் பார்த்தான். அவன் இரண்டு வாரம் உட்கார்ந்து இழைத்த வயலின் போய்க்கொண்டிருந்தது. அதற்கு அடுத்தபடியாக ஃபிளெக்ஸ் ஞாபகத்துக்கு வந்தது.

"சுமார்தான் மாமா," என்றான். சொன்ன வாய் கசந்தது.

கலியமூர்த்திக்குத் திருப்தி. "மொதல்ல அத நிறுத்துய்யா," என்று கடைக்குள் கை காட்டினார். பாட்டு நின்றது. எல்லோரும் வண்டியில் ஏறினார்கள். சிலம்பரசனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

முன்னால் ஒரு லாரி வந்து அணைத்து நின்றிருந்ததால் வண்டியைப் பின்னுக்குத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கலியமூர்த்தி ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

வண்டி பாடத் தொடங்கியது.

பாண்டிச்சேரியில் தேடிப் பிடித்து அவரே மாட்டிய ரிவர்ஸ் ஹாரன். நான்கு வருடமாகத் தினமும் விடியற்காலை ஆறு மணிக்கு, சிலம்பரசன் படுக்கும் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே, சந்திலிருந்து வண்டி பின்னுக்கு வரும்போதெல்லாம் பாடுவது. கொஞ்சம் வேகம் ஜாஸ்தி, குரல் கீச்சு. மற்றபடி அதே மெட்டு.

 தானாக வந்த மெட்டு எந்த வழியாக வந்தது என்று சிலம்பரசனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

டீ மாஸ்டர் கையில் கிளாசோடு வெளியே ஓடி வந்தார்.

"என்னண்ணே, என்னைய நிறுத்தச் சொல்லிட்டு நீங்க அதே பாட்ட வண்டியிலயே வெச்சிருக்கீங்க!"

கலியமூர்த்தி பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. கியர் ரிவர்ஸிலேயே இருந்ததால் பாட்டு நிற்கவில்லை. லியாக்கத் அலி சிரிப்பதற்காக வாயைத் திறந்து, நண்பரின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சிலம்பரசனின் கை கதவுப் பிடியைத் தேடியது.

பின் சீட்டில் ஸ்ரீமதி கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தாள். மெட்டு முடிகிற இடத்தில், காலையில் சிலம்பரசன் பாடிக் கேட்ட ஞாபகத்தில், "தாயே..." என்று மெதுவாக இழுத்தாள்.

அளவு அச்சாகப் பொருந்தியது.