எறும்புக் கடி

“கண்ணை மூடிக்கிட்டு குத்தினா ஊசி வயித்துல இறங்காதுக்கா, சோபாவுலதான் இறங்கும். கண்ணைத் திற!”

அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

தையல்காரத் தங்கைக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். இன்றைக்குச் சிரித்துக் காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாது. ஒரு நாடகக் குழுவுக்கு உடைகள் தைக்க, நாளைக் காலையில் அவள் கிளம்புகிறாள். திரும்பிவர நான்கு மாதமாகும். அதற்குள் அக்கா தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ளப் பழகியாக வேண்டும்.

அம்மா இரண்டு பெண்களுக்கும் விட்டுப்போன சொத்து வீடு இல்லை, வீக்கம். சொல்லாமல் கொள்ளாமல் உதடு வீங்கும், கை வீங்கும், வயிற்றுக்குள் வீங்கி ஆளைச் சுருட்டிப் போடும். தொண்டையில் வந்தால் மூச்சே நின்றுவிடலாம். தங்கைக்கு இரண்டு வருடம் முன்பே வந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு, வீக்கத்தை வாசலோடு நிறுத்தி வைத்திருக்கிறாள். அக்காவோ, “எனக்கெல்லாம் வராது” என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தாள். இரண்டு மாதம் முன்பு அவளுக்குத் தொண்டையிலேயே வந்து, உயிரோடு விளையாடிவிட்டுப் போனது. அதன் பிறகு அவளுக்கான ஊசிகளை எல்லாம் தங்கைதான் போட்டாள்.

“பக்கத்துல இருக்கிற கிளினிக்குல போட்டுக்கட்டுமா?” என்றாள் அக்கா. பிறகு அவளே தலையை ஆட்டினாள். “வேணாம். அங்க தெரிஞ்சவங்க இருக்காங்க. நான் ஊசிக்குப் பயப்படறது வேலை பாக்கற இடத்துக்கு எட்டினா மானம் கப்பலேறிடும்.”

“மானம் கப்பல்ல போகட்டும், உயிர் கரையில இருக்கணும். முறையைச் சொல்லு.”

அக்கா மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். “பிரிட்ஜ்லேர்ந்து எடுத்து கால் மணி நேரம் வெளியே வைக்கணும். கையை சோப்பு போட்டுக் கழுவணும். தொப்புள்லேர்ந்து ரெண்டு இன்ச் தள்ளி, போன தடவை போட்ட இடத்தை விட்டுட்டு...”

“ஒப்பிக்கறதுல நூத்துக்கு நூறு. செய்யறதுல முட்டை.” தங்கை கழுத்தில் தொங்கிய டேப்பை உருவினாள். “ரெண்டு இன்ச்சை அளந்து காட்டட்டுமா?”

“கிட்ட கொண்டு வராதே! அது எத்தனை பேர் இடுப்பைச் சுத்தி வந்ததோ!”

“சுத்தத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்களே ஒரு சிஸ்டர், அவங்களும் இப்படித்தான்.”

“அந்தக் கதை இப்ப எதுக்குடி?”

“எதுக்கா? நான் அழுதேன், கெஞ்சினேன், மனசு இரங்கினாங்களா? ‘அழுது முடிச்சிட்டுப் போடு, நான் காத்திருக்கேன்’னு கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க. ‘எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்’னு வேற சொன்னாங்க. எந்தக் காட்டு எறும்பைப் பாத்தாங்களோ!”

அக்காவின் முகம் சுண்டிப்போனது. “நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பாங்க.”

“இல்லைன்னு யார் சொன்னா? அன்னிக்கு அவங்க விட்டுக் கொடுத்திருந்தா, இன்னிக்கு நான் மருந்துப் பையைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா வேலைக்குப் போக முடியுமா? அதனால நீயும் அழுது முடிச்சிட்டுப் போடு. நான் காத்திருக்கேன்.”

தங்கை கையைக் கட்டிக்கொண்டு தையல் மெஷின் மேல் சாய்ந்து நின்றாள்.

வேறு வழியில்லாமல் அக்கா ஊசியை எடுத்தாள்.

“பிடி தப்பு. அது எதிர்ல இருக்கறவங்களைக் குத்துற பிடி. உன் பக்கம் திருப்பு. சதையைத் துணியில கொசுவம் பிடிக்கிற மாதிரி பிடி.”

அக்கா பிடித்தாள். ஊசியை வயிற்றருகே கொண்டுபோய், உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தங்கையே வாங்கிப் போட்டுவிட்டால் ஒரு நிமிட வேலை. ஆனால் இரண்டு வாரம் கழித்து யார் போடுவார்கள்? கட்டிய கையை அவள் அவிழ்க்கவில்லை.

“அம்மாவுக்கு இந்த மருந்து கிடைக்கலைக்கா,” என்றாள் மெல்ல. “நமக்குக் கிடைச்சிருக்கு. போடு.”

அக்கா இரண்டு கண்ணையும் திறந்தாள். ஊசி இறங்கியது.

“அவ்வளவுதான்... மெதுவா அழுத்து... முழுசும் போகட்டும்... எடு!”

தங்கை பஞ்சை நீட்டி, “நல்லா தேய்ச்சு விடு” என்றாள்.

“தேய்க்கக் கூடாது. சும்மா அழுத்திப் பிடிச்சா போதும்” என்று திருத்திய அக்கா, காலி ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினாள். அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது. “போட்டுட்டேன்! நானே போட்டுட்டேன்டி!”

தங்கை ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. இனி நிம்மதியாகப் பெட்டி கட்டலாம் என்று நினைத்தபோது அக்காவின் போன் அடித்தது.

அக்கா கண்ணைத் துடைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தாள். சற்று முன்பு நடுங்கிய குரல் போன இடம் தெரியவில்லை.

“ஆமா, ஹெட் சிஸ்டர்தான் பேசறேன். புதுசா சேர்ந்த நர்ஸ் பொண்ணுங்க எல்லாரும் வந்தாச்சா? ஊசி போடற பாடம் எடுக்க அரை மணியில வந்துடறேன்” என்றவள், தங்கையை ஓரக்கண்ணால் பார்த்தாள். “அதுக்குள்ள போர்டுல எழுதி வைங்க: ‘எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்’னு இனிமே யாரும் நோயாளிகிட்ட புளுகக் கூடாது. இருபது வருஷமா நான் எல்லார்கிட்டயும் புளுகிட்டேன், என் சொந்தத் தங்கச்சிகிட்டயும்தான்!”