அஞ்சு மில்லிமீட்டர் தகடு

"மண்டையில மூளை இருக்கா, களிமண் இருக்கா? நாப்பது நிமிஷம்யா! எழுநூறு பேர் வண்டிக்குள்ள புழுங்கிட்டு உக்காந்திருந்தாங்க!"

சூப்பர்வைசர் கத்திய கத்தலில் பக்கத்து அறை டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்தாள்.

ஃபிட்டர் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், பாவம்.

விஷயம் இதுதான். ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்பிவிடும் இடத்துக்குப் பாயிண்ட் என்று பேர். அங்கே நகர்கிற தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தோடு அப்படியே ஒட்ட வேண்டும். வாரம் ஒரு தடவை இரண்டுக்கும் நடுவில் அஞ்சு மில்லிமீட்டர் தகடு ஒன்றைச் செருகிச் சோதிப்பார்கள். தகடு இருக்கும்போது பாயிண்ட் பூட்டக் கூடாது. அந்த இடைவெளியோடு பூட்டிக்கொண்டால் என்றைக்காவது ரயில் கவிழும். சோதித்து முடித்ததும் தகட்டை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அன்று யாரோ எடுக்கவில்லை. பாயிண்ட் பூட்டாமல் சிக்னல் சிவப்பிலேயே நின்றுவிட்டது. ஓடிப்போய்த் தகட்டை உருவி எடுத்தவரும் ஃபிட்டர்தான்.

"அது யாரோட தகடு?"

"என்னுதுதான் சார். மறந்துட்டேன்." பாக்கெட்டுக்குள் விட்ட கையை அவர் வெளியே எடுக்கவே இல்லை. "ஒரு எச்சரிக்கையோட விட்டுடுங்க சார். வீட்டுக்காரிக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். நான்தான் கூட்டிட்டுப் போகணும்."

"அதெல்லாம் தகட்டை வைக்கும்போது ஞாபகம் இருந்திருக்கணும்!"

ரிப்போர்ட் காரசாரமாக மேலே போனது. பத்தே நாளில் ஃபிட்டரைத் தூக்கி ஆறு மணி நேரப் பயணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் போட்டார்கள். சூப்பர்வைசருக்கோ கறாரான ஆள் என்று நல்ல பெயர். மூன்றாம் மாதம் பதவி உயர்வு ஆர்டரும் கைக்கு வந்துவிட்டது.

பதவி உயர்வில் புது இடத்துக்குக் கிளம்பும் முன் கருவிகளை ஒப்படைக்கச் சூப்பர்வைசர் ஸ்டோருக்குப் போனார். ஸ்டோர்கீப்பர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு சார். அந்த அஞ்சு எம்.எம். தகடு எங்க? பதினேழாம் நம்பர் உங்களுக்குக் குடுத்தது."

பையைக் கவிழ்த்தார், உதறினார். இல்லை.

அப்போதுதான் அவருக்கு அது ஞாபகம் வந்தது. வண்டி நின்ற அன்று காலை, ஃபிட்டர் சோதித்துவிட்டுப் போன பாயிண்டை, இந்த ஆள் என்ன லட்சணத்தில் பார்த்தாரோ என்று அவரும் ஒரு தடவை சோதித்தார். பாதியில் போன் வந்தது. பதவி உயர்வு லிஸ்டில் உன் பேர் இருக்கிறது என்று நண்பர் சொன்னார். குஷியில் பேசிக்கொண்டே, தகட்டை எடுக்காமல் ஜீப்பில் ஏறிவிட்டார்.

"ஒரு நிமிஷம், வந்துடறேன்" என்று வெளியே வந்து ஃபிட்டருக்குப் போன் போட்டார்.

"அன்னிக்கு நீங்க எடுத்த தகட்டுல என்ன நம்பர் இருந்துச்சு?"

"அதை விடுங்க சார்."

"சொல்லுங்க."

"இப்ப எதுக்கு சார் அது? பதினேழு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"உங்க பேர் லிஸ்ட்ல வந்திருக்குன்னு பேசிக்கிட்டாங்க. நீங்கதான்னு தெரிஞ்சா அது போயிடும். நான்னா ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிடும், நீங்க விட்டுடுவீங்கன்னு நினைச்சேன் சார்."

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வீட்ல எப்படி இருக்காங்க?"

"தனியா பஸ்ல போயிட்டு வர்றா. போன வாரம் வழியில மயங்கி விழுந்துட்டாளாம். யாரோ புண்ணியவான் வீட்ல கொண்டுவந்து விட்டிருக்கார்."

போனை வைத்தவர், "பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்!" என்று வாய்விட்டே புலம்பினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரே ஒரு கடிதம் போதும். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தால் ஃபிட்டர் அடுத்த வாரமே மனைவியிடம் திரும்பிவிடுவார். எழுதியே தீருவது என்று முடிவு செய்துகொண்டுதான் உள்ளே வந்தார்.

ஸ்டோர்கீப்பர் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

"தகட்டுக்கு என்ன சார் எழுதட்டும்?"

சூப்பர்வைசரின் கை, சட்டைப் பையில் இருந்த புது ஆர்டரை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக்குங்க" என்றார்.