பன்னிரண்டாம் நிமிடம்

ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தைத் தானாகச் சீர்செய்யும் கருவி நடுக்கடலில் கருகிப்போனதிலிருந்து, அந்த வேலையை இன்னாசியின் வலதுகை செய்தது. கப்பல் முழுக்க அந்த மின்சாரம்தான் ஓடியது. எங்காவது ஒரு மோட்டார் கிளம்பினால் மீட்டரின் முள் 220-லிருந்து சரியும். குமிழை வலப்பக்கம் திருகி அதை ஏற்ற வேண்டும். பன்னிரண்டு நிமிடத்துக்கொருமுறை முள்ளைச் சரியவைத்தது குளிரறையின் கம்ப்ரசர். இறைச்சியையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, மேல்தளத்தில் தவறி விழுந்து இறந்த அவன் தம்பி கஸ்பாரை அங்கேதான் கிடத்தியிருந்தார்கள்.

“வேற ஆளை உக்கார வைக்கேன், நீ எந்திரிய்யா” என்றார் தலைமைப் பொறியாளர்.

“வேண்டாம் சார். குளுருன்னாலே அவனுக்கு ஆகாது. கிறிஸ்மஸ் பூசைக்கு என் சட்டையையும் சேத்துப் போட்டுக்கிட்டுத்தான் வருவான். குளுரு கொறையாம நானே பாத்துக்கிடுதேன்.”

மூன்றாம் நாள், முள் சரியும்வரை காத்திராமலே கை திருகப் பழகிவிட்டது.

நான்காம் நாள் மதியம் கரை சேர்ந்ததும் கஸ்பாரின் சவப்பெட்டியை இறக்கினார்கள். கூப்பிட்டும் இன்னாசி போகவில்லை. குளிரறையை நிறுத்தினார்கள். பன்னிரண்டாம் நிமிடத்தில் அவன் கை குமிழைத் திருகியது. முள் 250-ஐத் தாண்டி ஏறியது. உச்சிவெயிலிலும் கண் கூசும்படி கப்பலின் விளக்குகளெல்லாம் வெள்ளையாக எரிந்தன.

பொறியாளர் ஓடிவந்தார். “கைய எடுய்யா இன்னாசி. தம்பி எறங்கியாச்சு.”

அவன் குமிழை விடவில்லை. முள் சரியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.